இருபத்து நாலில் பன்னிரண்டு

லாரி செத்துப் பதினாலு மாதம் ஆகியிருந்தது. அதை ஓட்டிய அருள்ரூபன் செத்தும் அதே பதினாலு மாதம்தான். மனுஷனைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். வண்டியைத் தூத்துக்குடி துறைமுகச் சாலையில் கம்பெனி யார்டின் மூலையில் ஒதுக்கிவிட்டு மறந்துபோனார்கள். இன்றைக்கு மூன்று மணிக்கு அதையும் நசுக்குகிற ஆலைக்கு அனுப்பப்போகிறார்கள் என்று தெரிந்ததும், அவன் மனைவி கொரற்றி, பள்ளிக்கூடத்துச் சத்துணவு வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, பதினொரு மணி வெயிலில் யார்டு வாசலில் வந்து நின்றாள்.

அவளுக்கு வேண்டியது லாரி இல்லை. அதற்குள் இருந்த பெட்டி. பெட்டிக்குள் இருக்கும் என்று அவள் நம்பிக்கொண்டிருந்த குரல்.

அந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எட்டு வருஷத்துக்கு முன்னால், தூங்கி வழிந்த ஓட்டுநர்களால் சாலைகளில் செத்தவர்களை எண்ணிப் பார்த்துப் பயந்துபோன அரசாங்கம், நெடுந்தூர வண்டி எல்லாவற்றிலும் ‘வழித்துணை’ என்று ஒன்றை வைக்கச் சொன்னது. பார்க்க டிபன் பாக்ஸ் மாதிரி இருக்கும். ஓட்டுநரின் கண்ணைக் கவனிக்கும், பேச்சுக் கொடுக்கும், பழைய கதையை ஞாபகம் வைத்துக் கேட்கும், கண் சொருகினால் அதட்டும். முதலில் வந்த பெட்டிகள் செய்தி வாசிக்கிறவர் குரலில் பேசின. அதைக் கேட்டு ஓட்டுநர்கள் இன்னும் சுகமாகத் தூங்கினார்கள். சரிதான் போ என்று குரலை அவரவர் இஷ்டத்துக்கு விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு விபத்து குறைந்தது. கூடவே ஓட்டுநர்கள் வீட்டுக்குப் போன் பேசுவதும் குறைந்தது. இதை எந்த அரசாங்கமும் எண்ணிப் பார்க்கவில்லை. துறைமுகத்துத் தெருக்களில் பெண்கள் அந்தப் பெட்டிக்கு வைத்த பெயர் ‘சின்னவீடு’. சிரித்துக்கொண்டேதான் வைத்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள் என்று சொல்ல முடியாது.

கொரற்றி சிரிக்காதவர்களில் ஒருத்தி. ஏழு வருஷத்துக்கு முன் ஒரு நாள், அருள்ரூபன் விஜயவாடா பக்கம் போய்க்கொண்டிருந்தபோது அவள் போன் போட்டாள். அவன் எடுத்து “சொல்லு” என்பதற்குள் வண்டிக்குள் ஒரு பெண் சிரித்தாள். கடையில் நிற்கிற சிரிப்பு இல்லை, வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிற சிரிப்பு. அவன் போனைப் பட்டென்று வைத்துவிட்டான். ஊருக்கு வந்ததும் அவள் கேட்டாள், “எந்தச் சிறுக்கி குரல வாங்கி வச்சிருக்கிய?” அவன் “பெட்டிடீ அது” என்றான். முகம் சிவந்திருந்தது. அதற்கு மேல் அவன் சொல்லவில்லை, அவள் கேட்கவில்லை. அதன் பிறகு போன் பேச்செல்லாம் “சாப்டாச்சா, சரி, வைக்கேன்” என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. பத்தொன்பது வருஷம் கூட வாழ்ந்தவனின் குரல் என்று இப்போது அவள் கையில் இருந்தது ஒரே ஒரு குரல் செய்தி. பதினோரு விநாடி. “சிலிண்டர் வந்துச்சா? கசியுதான்னு பாத்து வாங்கி வை.” அவ்வளவுதான். அதைக் கேட்டுக் கேட்டு, அதில் ‘கசியுதான்னு’ என்கிற இடத்தில் அவன் மூச்சு வாங்குவதுகூட அவளுக்கு மனப்பாடம்.

பெட்டியில் ஓட்டுநர் பேசியதெல்லாம் இருக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லியிருந்தாள். அவன் யாரோடு பேசியிருந்தால் என்ன, எதைப் பேசியிருந்தால் என்ன, சிலிண்டரைத் தவிர வேறு எதையாவது அவன் வாயால் கேட்டால் போதும் என்று வந்துவிட்டாள்.

யார்டு மேலாளர் மாசானம் அண்ணாச்சி அவளைப் பார்த்ததும் எழுந்து வந்தார். அருள்ரூபன் டீக்கடை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது தோளில் தூக்கி ஓடியவர் அவர்தான்.

“வா தங்கச்சி. பெட்டிய கழட்டி எடுத்துட்டுப் போயிரலாம்னு நெனச்சு வந்திருந்தா நடக்காது, சொல்லிட்டேன். சீல உடைச்சா உள்ள இருக்க எல்லாம் தானா அழிஞ்சு போயிரும். விபத்து நடந்தா சாட்சிய எவனும் திருத்திரக் கூடாதுன்னு அப்பிடிப் பண்ணி வச்சிருக்கான்.”

“கழட்ட வேண்டாம் அண்ணாச்சி. வண்டிலயே வச்சு ஒருவாட்டி கேட்டாப் போதும்.”

“வண்டிக்கு உசுரு வந்தாத்தான கேக்க முடியும்? உன் அதிர்ஷ்டம், இப்பத்தான் ஆள் வந்திருக்கான். மூணு மணிக்கு டிரெய்லர் வருது. இது தானா ஓடிப்போய் அதுல ஏறணும். கேக்கதெல்லாம் அதுக்கு முன்னால கேட்டுக்கோ.”

வந்திருந்த ஆள் இசக்கிதுரை. நாற்பது வயது இருக்கும். நடுவழியில் நின்றுபோன வண்டிகளை எழுப்புவதுதான் அவன் பிழைப்பு. பைக்கின் பின்சீட்டில் ரப்பர் பட்டையால் கட்டிக் கொண்டுவந்திருந்த, செத்த பேட்டரிக்கு வெளியிலிருந்து உயிர் கொடுக்கிற ஜம்ப் ஸ்டார்டரை அவிழ்த்து, லாரியின் நிழலில் வைத்தான். செருப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. சிவப்பு, கருப்பு என்று இரண்டு தடித்த வயர், நுனியில் நண்டுக் கொடுக்கு மாதிரி கிளிப்பு.

கொரற்றி தனக்கு வேண்டியதை அவனிடமும் சொன்னாள். அவன் கேபினுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

“பதினாலு மாசம்னா தப்பிச்சிட்டியக்கா. உள்ள ஒரு சின்ன பேட்டரி இருக்கு, ஞாபகத்தப் பிடிச்சு வச்சிருக்கது அதுதான். ஒண்ணர வருசம் தாங்கும். ஆனா அது பேசணும்னா வெளில இருந்து கரண்டு வேணும்.”

“அவிய குரல் இருக்கும்லா?”

“இருக்கும்னு சொல்லுதாங்க. நான் கேட்டது கெடையாது. நான் வண்டிய எழுப்புவேன், போயிருவேன்.”

பேட்டரி மூடியைத் திறந்தான். உப்புக் காற்று உள்ளே புகுந்து முனையெல்லாம் பச்சையாகப் பூத்திருந்தது. கம்பி பிரஷ்ஷால் சுரண்டிக்கொண்டே பேசினான். பேசாமல் வேலை செய்ய வராது போலிருக்கிறது.

“ரெண்டு பேட்டரி தெரியுதா? ஒவ்வொண்ணும் பன்னெண்டு வோல்ட்டு. ஒண்ணோட ஒண்ண கோத்து இருபத்துநாலு ஆக்கிருக்கான். காருக்குப் பன்னெண்டு போதும். இந்த யானைக்கு இருபத்துநாலு வேணும்.”

“மாத்திக் குடுத்துட்டா?”

“லாரிக்குப் பன்னெண்டு குடுத்தா கொட்டாவி விட்டுட்டுப் படுத்துக்கிடும், அவ்வளவுதான். காருக்கு இருபத்துநாலக் குடுத்தா பொகஞ்சிரும். கொறச்சுக் குடுத்துக் கெட்டது எதுவும் இல்லக்கா. கூடக் குடுத்துத்தான் எல்லாம் கெடும்.”

மீட்டரின் இரண்டு முள்ளையும் வைத்துப் பார்த்தான். பதினாலு காட்டியது. அவன் உச்சுக்கொட்டினான்.

“பாத்தியளா வம்ப? ரெண்டும் வத்திப்போய் மொத்தமே பதினாலு நிக்குது. இந்த ஜம்ப் ஸ்டார்டருக்கு, வண்டி எத்தனை வோல்ட்டுன்னு தானாக் கண்டுபிடிக்க புத்தி உண்டு. பதினாலப் பாத்தா இது ஏதோ கார்னு நெனச்சுப் பன்னெண்டுல போயி உக்காரும். அதான் நான் தானியங்கில விடுறதே இல்ல. மொத வண்டி என்னன்னு கண்ணால பாக்கணும், பெறவு கையால போடணும்.”

சுவிட்சை இருபத்து நாலுக்குத் தள்ளினான். சிவப்புக் கிளிப்பை எடுத்து முனையில் கவ்வ வைத்தான். கருப்பைக் கையில் எடுத்தான்.

இன்னும் ஒரு நிமிஷத்தில் அருள்ரூபனின் குரல். கொரற்றி சும்மா நிற்க முடியாமல் வாயில் வந்ததைப் பேசினாள். “இந்தப் பேட்டரியோட அவிய பட்ட பாடு இருக்கே. வீட்டுக்கு வந்தா இதே பொலம்பல்தான். ரெண்டும் ஒண்ணாத்தான் வாங்குனேன், ஒண்ணு மட்டும் வருசா வருசம் செத்துப்போகுது, எப்பப் பாத்தாலும் அதே பக்கந்தான்னு.”

இசக்கிதுரையின் கை நின்றது.

“என்ன சொன்னிய?”

“ஒரே பக்கத்துப் பேட்டரிதான் சாகும்பாரு.”

அவன் கருப்பைக் கீழே போட்டான். சிவப்பையும் கழற்றினான். தரையில் கவிழ்ந்து படுத்துப் பேட்டரிகளுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினான். எழுந்தபோது அவன் விரலில் ஒரு மெல்லிய வயர் சிக்கியிருந்தது. அது இரண்டாவது பேட்டரியின் முனையில் தொடங்கி, சேஸிஸ் ஓரமாகவே ஒளிந்து ஓடி, கேபினுக்குள் ஏறியது.

“நல்லவேள வாயத் தொறந்திய. தெரியாம ஒரு கொல பண்ணப் பாத்தேன்.”

“என்ன தம்பி அது?”

“உங்க வீட்டுக்காரரு வேல. பெட்டி பன்னெண்டு வோல்ட்டு. வண்டி இருபத்துநாலு. ஊடால கம்பெனி ஒரு கன்வெர்ட்டர் குடுத்திருப்பான், இருபத்துநாலப் பன்னெண்டாக் கொறைக்கதுக்கு. ஆனா அது ஒரு இரைச்சல் போடும் பாருங்க, பெட்டில வார குரல் கரகரன்னு ஆயிரும். கேட்டா கேக்கட்டும்னு விடுறவன் விட்டுருவான். குரல் சுத்தமா வரணும்னு ஆசப்பட்டவன் கன்வெர்ட்டரத் தூக்கிப் போட்டுட்டு, ஒரு பேட்டரில இருந்து மட்டும் நேரா வயர இழுத்துருவான். நம்ம ஊர் டிரைவருங்க பாதிப் பேரு இப்பிடித்தான். அந்த ஒரு பேட்டரி வண்டிக்கும் ஒழைச்சு, பெட்டிக்கும் ஒழைச்சு, வருசத்துக்குள்ள செத்துப்போகும்.”

மீட்டரைத் தனித்தனியாக வைத்துக் காட்டினான். ஒன்றில் பதினொன்று இருந்தது. வயர் இழுத்த பேட்டரியில் மூன்று.

“இப்ப நான் இருபத்துநாலக் குடுத்து வண்டிய எழுப்புறேன்னு வையுங்க. ரெண்டும் நல்ல பேட்டரின்னா ஆளுக்குப் பாதியா பிரிச்சுக்கிடும். இதுல ஒண்ணு பொணம். பங்கு சரியாப் பிரியாது. இந்தப் பக்கம் பதினாறு, பதினெட்டுன்னு ஏறும். பெட்டி பதினஞ்சுக்கு மேல தாங்காது. ‘டிக்’னு ஒரு சத்தம் கேக்கும். பெறவு ஒண்ணும் கேக்காது.”

கொரற்றி அந்த மெல்லிய வயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றி சொல்ல வேண்டிய நேரத்தில் அவளுக்குப் பொறாமைதான் வந்தது. எவளோ ஒருத்தியின் குரலில் ஒரு பிசிறு விழக்கூடாது என்று எவ்வளவு மெனக்கெட்டிருக்கிறான்! வீட்டு மிக்ஸி ஒரு வருஷம் கரகரத்தது, திரும்பிப் பார்த்தானா? நாற்பத்தெட்டு வயதில், செத்துப்போனவன்மேல், ஒரு டிபன் பாக்ஸை நினைத்துப் பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. வெட்கத்துக்குப் பொறாமை அடங்கவில்லை.

மாசானம் அண்ணாச்சி கையில் போனோடு வந்தார். “என்னடே, இன்னுமா முக்கிக்கிட்டு இருக்க? டிரெய்லர் இந்தா பக்கத்துப் புதுக்கோட்டையத் தாண்டிட்டாம். ஒண்ணரைக்கெல்லாம் இங்க நிப்பானாம்.”

இசக்கிதுரை விஷயத்தைச் சொன்னான். முதலில் பெட்டியை மட்டும் தனியாக எழுப்ப வேண்டும், கேட்டு முடித்த பிறகுதான் வண்டியை எழுப்ப முடியும். அதற்கு இரண்டு பேட்டரியையும் சேர்க்கிற கட்டையைக் கழற்ற வேண்டும், மறுபடி மாட்ட வேண்டும்.

“எப்பிடியும் நசுங்கப் போற பெட்டி. கருகினா என்ன, கருகாட்டி என்ன? நேரா வண்டிய எடு.”

“எனக்கு வேணும் அண்ணாச்சி” என்றாள் கொரற்றி.

அதைச் சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அண்ணாச்சி அவளைப் பார்த்தார். பிறகு போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசல் பக்கமாக நடந்தார். “ஏ டிரைவரு, வழில சாப்பிட்டுட்டு மெதுவா வாரும். இங்க ஒரு அரமணி நேரம் ஆவும்” என்று அவர் சொல்வது கேட்டது.

கட்டையின் நட்டு துருப்பிடித்துத் திரும்ப மறுத்தது. எண்ணெய் விட்டு, சுத்தியால் தட்டி, ஒருவழியாகக் கழற்றினான். இரண்டு பேட்டரிக்கும் இப்போது ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஜம்ப் ஸ்டார்டரின் சுவிட்சைப் பன்னிரண்டுக்கு இழுத்தான். அவளிடம் காட்டினான். தானும் இன்னொருமுறை பார்த்துக்கொண்டான்.

“ஒரு சிக்கல் இருக்குக்கா. மூணு வோல்ட்டுல கெடக்கத இது பேட்டரின்னே ஒத்துக்கிடாது. கட்டாயப் பொத்தான்னு ஒண்ணு உண்டு, அத அமுக்கணும். அமுக்கிட்டா நான் சொன்னதச் செய்யும். நான் தப்பாச் சொன்னாலும் செய்யும். சிவப்பும் கருப்பும் மாறிப்போனாக்கூட தடுக்காது.”

“அதுல கூட்டல் கழித்தல் எழுதியிருக்கும்லா?”

“இருந்துச்சு. ஆசிட்டு தின்னுட்டு.”

மூன்று தடவை மீட்டர் வைத்துப் பார்த்தான். மூன்று தடவையும் ஒரே பதில் வந்த பிறகு சிவப்பைக் கவ்வ வைத்தான், கருப்பைக் கவ்வ வைத்தான். இரண்டும் உரசாமல் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தான். “மேல ஏறி உக்காருங்க” என்றான்.

கொரற்றி அந்தக் கேபினில் அதற்கு முன் ஏறியதே இல்லை. ஓட்டுநர் இருக்கையில் உட்கார மனசு வராமல் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு மேலே பனிமயமாதா படம். ஸ்டியரிங்கில் சுற்றியிருந்த துண்டு வெயிலில் அப்பளமாகியிருந்தது. பெட்டி டேஷ்போர்டின் நடுவில், இரண்டு இருக்கைக்கும் சமதூரத்தில் இருந்தது. இசக்கிதுரை ஏணிப்படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்று, கீழே கையை நீட்டிக் கட்டாயப் பொத்தானை அமுக்கினான்.

ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு பச்சைப் புள்ளி சிமிட்டியது. அணைந்தது. மறுபடி எரிந்து நின்றது.

“வந்துட்டியளா?” என்று கொரற்றி கேட்டாள்.

இல்லை. கொரற்றி வாயைத் திறக்கவே இல்லை. இசக்கிதுரை அவளைத்தான் திரும்பிப் பார்த்தான். அவளும் ஒரு கணம், நாம்தான் பேசிவிட்டோமோ என்று உதட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

“ஒரு டீ குடிச்சிட்டு வாரேன்னு போனிய. எத்தன டீ குடிச்சிய? நான் இங்கன ஒத்தையா கெடந்து, ம்ம்?” என்று சொல்லிவிட்டுப் பெட்டி சிரித்தது.

அதே சிரிப்பு. விஜயவாடாவில் கேட்ட சிரிப்பு. ஏழு வருஷமாக அவள் ராப்பகலாகச் சபித்த சிரிப்பு. கடைசியில் வருகிற அந்த ‘ம்ம்?’ கல்யாணமான புதிதில் அவள் எல்லாப் பேச்சுக்கும் போடுகிற முற்றுப்புள்ளி. எப்போது அதை விட்டோம் என்று அவளுக்கே ஞாபகம் இல்லை.

“எக்கா” என்றான் இசக்கிதுரை மெதுவாக. “போன்ல பேசுறதக் கொஞ்ச நாள் கேக்க விட்டா, யாரு குரலையும் இது படிச்சுக்கிடும். சில பேரு அப்பிடி வச்சுக்கிடுவாங்க. வெளிய சொல்ல மாட்டாங்க.”

சொல்லிவிட்டு அவன் கீழே இறங்கி, கிளிப்புகளின் பக்கத்தில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தான்.

“யாரு அது? அவிய குரல் இல்லையே” என்றது பெட்டி. “வேற யாரும் வண்டில ஏறக்கூடாது தெரியும்லா?”

“நான்...” என்று தொடங்கினாள் கொரற்றி. நான்தான் நீ என்று எப்படிச் சொல்வது? “நான் அவிய வீட்டு ஆளு.”

“அப்பிடியா? சரி, இருங்க.” குரலில் ஒரு மரியாதை வந்தது. அவள் பெரியவர்களிடம் பேசும்போது வருகிற அதே மரியாதை.

“எனக்கு அவிய குரலக் கேக்கணும். அவிய பேசுனதப் போடுதியா? எதுனாலும் சரி. ஒரு வார்த்த போதும்.”

“அவிய குரல் எங்கிட்ட இல்லம்மா.”

வெளியே எங்கோ ஒரு கிரேன் சங்கிலியை இறக்கியது.

“டிரைவர் குரலச் சேத்து வைக்கக் கூடாதுன்னு சட்டம். பேசுன அன்னைக்கே அழிச்சிருவேன். சொன்ன விசயம் மட்டும் இருக்கு. கேட்டா சொல்லுவேன், ஆனா என் குரல்லதான் சொல்ல முடியும்.”

ஆக, இல்லை. இவ்வளவு தூரம் வந்தும் இல்லை. சிலிண்டர், கசியுதான்னு பாத்து வாங்கி வை, அதுதான் மிச்சம், அதோடு சாக வேண்டியதுதான். கொரற்றி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பெட்டி குறுக்கே பேசாமல் இருந்தது. அருள்ரூபன் அழுதால் எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று அதற்குப் பழக்கம் இருந்திருக்க வேண்டும்.

“சொல்லு” என்றாள் கடைசியில். “அவிய என்ன பேசுவாக?”

“எல்லாந்தான். அதிகமா, வீட்டுல சொல்ல வேண்டியத எங்கிட்டச் சொல்லிப் பாப்பாக. போன்ல சொல்ல வராதாம். மத்தியானம் போட்டா அவ ஒல வச்சிருப்பா, அம்பது பிள்ளைய தட்டோட நிக்கும், சாப்டாச்சான்னு கேட்டு வச்சிருவா, எனக்கு ஆரம்பிக்கதுக்குள்ள முடிஞ்சிரும்பாக. நேர்லன்னா அவ மூஞ்சியப் பாத்ததும் மறந்துருமாம். அதனால எங்கிட்ட ஒத்திக பாப்பாக. நான் அவளா இருந்து பதில் சொல்லணும்.”

“என்ன ஒத்திக பாத்தாக?”

“கடைசி நடையில நெல்லூர்ல இருந்து இங்க வார வரைக்கும் ஒண்ணத்தான் சொன்னாக. பதினோரு வாட்டி. மாத்தி மாத்திச் சொல்லிப் பாத்தாக. கடைசியா முடிவு பண்ணது இது.” பிறகு கொரற்றியின் பழைய குரலில், அருள்ரூபனின் பேச்சு வந்தது. “கொரற்றி, நான் இனி லைனுக்குப் போகல. உள்ளூர்லயே தண்ணி வண்டி ஓட்டப்போறேன். சொல்லி வச்சிட்டேன். இனி பொழுது சாய வீட்டுக்கு வந்துருவேன். வந்தா உனக்குத்தான் தொந்தரவு. பத்தொன்பது வருசத்துல நாம ஒண்ணா இருந்தது கூட்டிப் பாத்தா நாலு வருசங்கூட வராது. மிச்சத்த வாங்கிக்கிடலாம்னு வந்திருக்கேன்.”

அவளுக்கு இது எதுவும் தெரியாது. பதினாலு மாதமாக, யாரோ ஒருத்திக்குப் பாதியாகிப்போன மனுஷனை நினைத்து அழுதுகொண்டிருந்தாள். முழுசாகத் திரும்பி வந்துகொண்டிருந்தவன் டீக்கடை வாசலில் விழுந்திருக்கிறான். அவள் குரல் அவனுக்குத் தினமும் வேண்டியிருந்திருக்கிறது. அவள் வீட்டில்தான் இருந்தாள், அதே குரலோடு, கேட்பாரில்லாமல்.

“நீ என்ன பதில் சொன்ன?” என்று கேட்டாள்.

“நான் சிரிச்சேன். அவிய, அவளும் இப்பிடிச் சிரிப்பாளான்னு கேட்டாக. சிரிப்பான்னு சொன்னேன். சரியாச் சொன்னனா?”

“சரியாத்தான் சொல்லிருக்க.”

கீழே இருந்து இசக்கிதுரை, “எக்கா, டிரெய்லர் வந்துட்டு. அவசரமில்ல, சும்மா சொன்னேன்” என்றான்.

பெட்டி கேட்டது. “அந்த நடை இன்னும் முடியலம்மா. அவிய வீடு போய்ச் சேந்துட்டேன்னு சொன்னாத்தான் நான் முடிச்சு வைக்கணும். சொல்லாமலே எறங்கிப் போயிட்டாக. உங்களுக்குத் தெரியுமா, வீடு வந்து சேந்துட்டாகளா?”

கொரற்றி துண்டு சுற்றிய ஸ்டியரிங்கைப் பார்த்தாள். இதனிடம் உண்மையைச் சொல்லலாம். சொன்னால் என்ன ஆகும்? அவள் குரலே அவளுக்கு எதிரில் உட்கார்ந்து, முதல்முறையாக அந்தச் செய்தியைக் கேட்கும். அந்தக் குரல் அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் என்ன சத்தம் போட்டது என்று அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இன்னொருமுறை அதைக் கேட்க அவளால் ஆகாது.

“வந்து சேந்துட்டாக” என்றாள்.

“சாப்பிட்டாகளா?”

“சாப்பிட்டாக.”

“எங்கிட்டச் சொன்னத வீட்டுலயும் சொன்னாகளா? அந்த ஒத்திக?”

“சொன்னாக. இப்பத்தான் சொன்னாக.”

“அவ சிரிச்சாளா?”

கொரற்றி கண்ணைத் துடைத்தாள். அழுகை நின்றபாடில்லை. இருந்தாலும் சிரித்தாள். எப்படி வந்ததோ, நன்றாகவே வந்தது.

பெட்டி அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்கு ஏதாவது புரிந்ததா என்று யார் சொல்ல முடியும்?

“இப்ப என்ன செய்யுதாக?” என்று கேட்டது.

“தூங்குதாக.”

“நல்லாத் தூங்குதாகளா?”

“நல்லாத் தூங்குதாக.”

“அப்ப எழுப்பாதிய” என்றது பெட்டி. “ரொம்பத் தூரம் முழிச்சிருந்துட்டாக.”

பச்சைப் புள்ளி அணைந்தது.

இசக்கிதுரை பதறி எழுந்து கிளிப்புகளை அசைத்துப் பார்த்தான். மீட்டரை வைத்தான். பன்னிரண்டரை காட்டியது. “கரண்டு இருக்குக்கா. அதுவாத்தான் அணைஞ்சிருக்கு” என்றான். “நடை முடிஞ்சிட்டுன்னு நெனச்சிருக்கும். மறுபடி எழுப்பிப் பாக்கட்டுமா?”

கொரற்றி வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு இறங்கினாள். அந்த லாரியின் கதவு ஓங்கி அறைந்தால்தான் சாத்தும். அவள் அதைச் சத்தம் வராமல் சாத்தப் பார்த்தாள். பூட்டு பிடிக்கவில்லை. திறந்து, இன்னும் மெதுவாகச் சாத்தினாள்.